பிறந்த வீட்டுக்குப் போன எஞ்சின்

ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன் என்று நான் சொல்லிக்கொள்வேன். மாமனார் வீட்டில் அதில் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஃப்ரீ!

நியூஜெர்சியில் இருக்கும் மச்சினிக்குத் தலைப்பிரசவம். மாமியார் போயாக வேண்டும். சேலத்துக்கே தனியாக பஸ் ஏறாதவர். துணைக்கு யார்? ஆபீஸ் போகிற அத்தனை பேரும் 'லீவு இல்லை' என்று கையை விரிக்க, எல்லோர் கண்ணும் என் மேல் விழுந்தது. சகலை டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார். அடுத்தவர் செலவில் அமெரிக்கா. பி.காம். படித்தவன் வேண்டாம் என்பேனா?

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி. ஈரோடு கொல்லம்பாளையம் வீட்டில் மாமனார் என்னை மாடி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். 'போச்சுடா, கொடுத்த நகைக்குக் கணக்குக் கேட்கப்போகிறார்' என்று வயிற்றைக் கலக்கியது. அவரோ கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

உள்ளே ஒரு டீசல் எஞ்சின்.

"பொம்மை நல்லா இருக்கே மாமா!" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

"பொம்மை இல்லீங்க மாப்பிள்ளை. மாடலு. ஒண்ணுக்கு நாப்பது."

அதாவது, நிஜத்தில் நாற்பது அடி என்றால் இதில் ஓர் அடி. ரயில்வே வைத்த பெயர் டபிள்யூ.டி.எம்.-2. ரயில்வேக்காரர்கள் வாயில் வெறும் 'ஆல்கோ'. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் நீள மூக்கு, இன்னொரு பக்கம் குட்டை மூக்கு. கிளம்பும்போது கரும்புகையைக் கக்கிவிட்டு, பிளாட்பாரமே அதிர, ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுகிற மாதிரி மூச்சு விடுமே... அதுதான்.

நிஜ எஞ்சின் 17.12 மீட்டர் நீளம். மாடல் 43 சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைவு. உடம்பு, பதினைந்து கிலோ எண்ணெய் டின். கைப்பிடிக் கம்பி, சைக்கிள் ஸ்போக். காற்றுப் போகிற ஜன்னல்களுக்குக் கொசுவலைக் கம்பி. சக்கரம், நண்பர் ஒருவர் லேத் பட்டறையில் கடைந்து கொடுத்தது. டிரைவர் கேபின் கண்ணாடி மட்டும் லேசாகக் கறுத்திருந்தது.

"எக்ஸ்ரே ஃபிலிமுங்க. என்ற முழங்காலுது" என்றார்.

"எடை எவ்வளவு மாமா?"

"பெரிசு 112.8 டன்னுங்க. நீங்களே கணக்குப் போடுங்க."

நாற்பதால் வகுத்தேன். 2.82 டன் வந்தது. கட்டில் உடைந்திருக்குமே! மாமனார் முதல்முறையாகச் சிரித்தார். "நீளத்துக்கு ஒரு நாப்பது, அகலத்துக்கு ஒரு நாப்பது, உசரத்துக்கு ஒரு நாப்பது. அறுபத்து நாலாயிரத்தால வகுங்க." வகுத்தேன். 1.76 கிலோ. மாடலின் நிஜ எடை 1.9 கிலோ. "140 கிராம் சேத்தியாப் போச்சுங்க. பெயிண்டு ஒரு கோட்டு அதிகம்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். நான் கல்யாணத்துக்குப் பிறகு 14 கிலோ ஏறியிருக்கிறேன். யாரும் இப்படி வருத்தப்பட்டதில்லை.

பிறகு எஞ்சினைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். பக்கத்துக்கு மூன்று அச்சாக இரண்டு சக்கரக் கூடுகள். ரயில்வே பாஷையில் அதுதான் 'போகி'. நாம் பெட்டியைப் போகி என்று சொல்வது தப்பாம். "இந்த மூணு அச்சும் சம தூரத்துல இருக்குதுங்களா?" உற்றுப் பார்த்தேன். இல்லை. ஒரு இடைவெளி பெரிசு, ஒன்று சிறிசு. "ஒவ்வொரு அச்சுக்கும் தனி மோட்டாரு. அதுக்கு இடம் பண்ணுனதுல வந்த வித்தியாசமுங்க. ட்ரைமவுண்ட்டுன்னு பேரு. தூரம் சமமா இருந்தா அது இந்த ஆல்கோவே இல்லீங்க."

இந்த இடத்தில், என்னைப் போன்ற காமர்ஸ்காரர்களுக்காக ஒரு வார்த்தை. டீசல் எஞ்சினில் டீசல் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. டீசல் மிஷின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். அதில் வரும் மின்சாரம் அச்சிலிருக்கும் ஆறு மோட்டார்களைச் சுற்றும். ஆல்கோவின் டீசல் மிஷினுக்கு '251' என்று பெயர். 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். ஒரு நடமாடும் பவர் ஹவுஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மாமனார் ஈரோடு டீசல் ஷெட்டில் ஃபிட்டர். 1972-ல் சேர்ந்து 2010-ல் ரிட்டயர் ஆனவர். வந்து நிற்கும் ஆல்கோக்களைப் பிரித்து மாட்டியே 38 வருஷம். பழைய எஞ்சின்களில் ஒட்டியிருந்த தகட்டில் ஓர் ஊரின் பெயர் இருக்கும். ஸ்கெனெக்டடி, நியூயார்க். ஆங்கில எழுத்தைப் பார்த்து அதை வாசிக்க ஷெட்டில் யாருக்கும் நாக்குப் புரளவில்லை. 'சேனைக்கட்டி' என்று வைத்துக்கொண்டார்கள்.

"ஒரு எட்டு கூட்டிட்டுப் போயி, பொறந்த வீட்டைக் காட்டிப்போட்டு வந்துருங்க மாப்பிள்ளை. வரும்போது அந்த ஃபேக்டரியில ஒரு பிடி மண்ணு..."

பிடிமண்! குலதெய்வம் தூரத்தில் இருந்தால், அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, இருக்கிற ஊரில் வைத்துக் கும்பிடுவார்களே, அந்தப் பிடிமண். சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

விமான நிலையத்தில் ஸ்கேன் மிஷின் என் கைப்பையை விழுங்கிவிட்டு, திருப்பித் தர மறுத்தது.

"உள்ளே என்ன சார்?"

"எஞ்சின்."

"எஞ்சினை ஏரோப்ளேன்ல கொண்டு போறீங்களா?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். மாமியார் சுத்தமாக என்னைத் தெரியாதவர் மாதிரி வேறு பக்கம் பார்த்தார். கடைசியில் ஓர் அதிகாரி கையில் எடுத்து, சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்தார். ஆறு அச்சும் வழுக்கிக்கொண்டு சுழன்றன. "யார் சார் பண்ணினது?" என்று கேட்டு, வேட்டியிலேயே பத்திரமாகச் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

அமெரிக்கா போய், குழந்தை பிறந்து, பேர் வைத்து, மூன்றாவது வாரம் எனக்கு ஒரு நாள் விடுதலை. சகலைக்கு லீவு இல்லை. "சகலை, அங்கேயெல்லாம் யாரும் டூர் போக மாட்டாங்க. நயாகரா போங்களேன்" என்றார். மாமனாரின் முகம் ஞாபகம் வந்தது. நியூயார்க் பென் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன்.

ஸ்கெனெக்டடிக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். வடக்கே போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிட வேண்டும். ஹட்சன் நதி கூடவே வரும். காவிரி மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு ஒதுங்கிப் போகிற நதி அல்ல. அகலமாக, தண்ணீரோடு, 'என்னைப் பார்' என்று வருகிறது. எஞ்சினை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். எதிர் சீட்டுக் குழந்தை அதையே பார்த்தது. குழந்தையின் அம்மா என்னையே பார்த்தார்.

ரயிலை இழுத்ததும் டீசல் எஞ்சின்தான். ஆனால் ஜெனரல் எலக்ட்ரிக் தயாரிப்பு. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வில்லன், அல்லது கெட்டிக்காரன். அவரவர் விருப்பம்.

ஸ்கெனெக்டடி ஸ்டேஷனில் இறங்கினேன். மொஹாக் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர்; 'பைன் மரங்களுக்கு அப்பால்' என்று அர்த்தம். ஒரு காலத்தில், உலகத்துக்கு விளக்கேற்றுவதும் உலகத்தை இழுப்பதும் நாங்கள்தான் என்று மார்தட்டிய ஊர். விளக்கேற்றியது ஜெனரல் எலக்ட்ரிக். 1892-ல் அந்தக் கம்பெனி உருவானபோது தலைமையகம் இங்கேதான். இழுத்தது ஆல்கோ, அதாவது அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி. 1848-ல் இங்கே ஆரம்பித்த எஞ்சின் தொழிற்சாலையும் வேறு ஏழு கம்பெனிகளும் 1901-ல் ஒன்றாகச் சேர்ந்து பிறந்தது. அந்தக் கூட்டுக்குடும்பம் மொத்தத்தில் செய்த எஞ்சின்கள் 75,000-க்கும் மேல்!

நீராவிக் காலத்தில் ஆல்கோ ராஜா. 1941-லிருந்து 1944 வரை 'பிக் பாய்' என்று 25 ராட்சத நீராவி எஞ்சின்கள் இங்கே பிறந்தன. அதில் ஒன்றைப் புதுப்பித்து, 2019-ல் மறுபடி ஓட வைத்தார்கள்.

ராஜாவுக்கு வந்தது டீசல் சோதனை. இத்தனைக்கும் டீசலில் ஆல்கோ கற்றுக்குட்டி இல்லை. 1925-லேயே ஜெனரல் எலக்ட்ரிக்கோடும் இன்னொரு கம்பெனியோடும் சேர்ந்து யார்டில் பெட்டி தள்ளும் டீசல் எஞ்சின் செய்து விற்றதுதான். ஆனால் நெடுந்தூரம் ரயில் இழுக்கும் டீசலை 1939-ல் களத்தில் இறக்கி நாட்டையே வளைத்தது ஜெனரல் மோட்டார்ஸ். யுத்தம் முடிந்ததும் ஆல்கோ அவசரமாக '244' என்ற டீசல் மிஷினைக் கொண்டுவந்தது. கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது, டர்போ படுத்தது. ரயில்வே கம்பெனிகள் முகம் சுளித்தன. 1950-களின் நடுவில் '251' வந்தது. தங்கமான மிஷின். ஆனால் ஒருமுறை ஊசிப்போன சாம்பார் ஊற்றிய ஓட்டலுக்கு, அடுத்த வாரம் அமிர்தமே செய்தாலும் நீங்கள் போவீர்களா?

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. ஆல்கோ எஞ்சினுக்குள் இருந்த ஜெனரேட்டர், மோட்டார் எல்லாம் ஜெனரல் எலக்ட்ரிக் கொடுத்தவை. 1940-லிருந்து 1953 வரை இரண்டு பேரும் கூட்டாகவே எஞ்சின் விற்றார்கள். 1953-ல் கூட்டு முறிந்தது. 1960-ல் ஜெனரல் எலக்ட்ரிக் தன் சொந்த எஞ்சினோடு கடைவீதிக்கு வந்துவிட்டது.

இட்லிக் கடைக்கு மாவு கொடுக்கிறவர், பக்கத்திலேயே இட்லிக் கடை போட்டால் என்ன ஆகும்? அவருக்கு மாவு அசல் விலை. உங்களுக்கு?

1969-ல் ஆல்கோ ஸ்கெனெக்டடி தொழிற்சாலையை மூடிவிட்டது. 121 வருஷக் கதை. என் மாமனார் வேலைக்குச் சேர்வதற்கு மூன்று வருஷம் முன்னால்!

அப்படியானால் 1972-ல் ஈரோட்டில் அவர் பிரித்து மாட்டியது எதை?

இங்கேதான் நம் கதை வருகிறது. 1962-ல் இந்திய ரயில்வே அமெரிக்காவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வாங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 72 எஞ்சின்கள் கொடுத்தது. ஆல்கோ 40 எஞ்சின்களை முழுசாகச் செய்து அனுப்பியது. முதல் எஞ்சினின் எண் 18040. மாமனார் தன் மாடலுக்கு எழுதியிருந்த எண்ணும் அதுதான். ஆனால், 'எப்படிச் செய்வது என்று எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்' என்று இந்தியா கேட்டபோது, ஜெனரல் மோட்டார்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஆல்கோ ஒத்துக்கொண்டது. வாரணாசியில் டீசல் எஞ்சின் தொழிற்சாலை எழுந்தது. 1964 ஜனவரியில் அங்கிருந்து முதல் எஞ்சின் வெளியே வந்தது. முதலில் ஆல்கோ அனுப்பிய பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையே செய்தார்கள்.

ஐந்து வருஷத்தில் குரு கடையை மூடிவிட்டார். சிஷ்யன் நிறுத்தவில்லை. 1998 வரை, அசலும் நகலுமாகச் சேர்த்து 2,600-க்கும் மேல் டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின்கள். அதே 251 மிஷினை 3,100, 3,300 குதிரைத்திறன் என்று மேலே மேலே தேற்றினார்கள். 1996-ல் இலங்கைக்குக்கூட அதே வம்சத்து எஞ்சின்கள் போயின.

இதையெல்லாம் மனசில் அசைபோட்டுக்கொண்டே, இரீ புலவார்டு என்ற பெரிய சாலையில் நடந்தேன். அந்தக் காலத்தில் இரீ கால்வாய் ஓடிய பாதையாம். கையில் எஞ்சின். செல்போன் வரைபடம் 'வந்துவிட்டீர்கள்' என்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

காசினோ!

பளபளவென்று சூதாட்ட விடுதி. பக்கத்தில் ஓட்டல், அடுக்குமாடி வீடுகள், மொஹாக் நதியில் உல்லாசப் படகுகள். தொழிற்சாலையை இடித்துவிட்டு, 2017-ல் காசினோ திறந்துவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் இரும்பு அடித்த இடத்தில் ஜாக்பாட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நதிக்கரை நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மாமனாருக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே ராத்திரி பத்து மணி. முதல் ரிங்கிலேயே எடுத்தார். சட்டை போட்டு, தலை சீவி, தயாராக உட்கார்ந்திருந்தார்.

"ஃபேக்டரியைக் காட்டுங்க மாப்பிள்ளை."

செல்போனைத் திருப்பினேன்.

"இது என்னுங்க, சினிமா தியேட்டரா?"

"காசினோ மாமா. சூதாடற இடம். ஃபேக்டரி இருந்த இடம் இதுதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"மூடிப்போட்டாங்கன்னு தெரியுமுங்க. சுவராச்சும் நிக்கும்னு நெனச்சேன்" என்றார். அப்புறம், "சரி, எஞ்சினை ஆத்தைப் பாத்தாப்புல வைங்க" என்றார்.

வைத்தேன். படம் எடுத்து அனுப்பினேன்.

அப்போதுதான் தூண்டிலும் தொப்பியுமாக ஒரு பெரியவர் வந்து நின்றார். எண்பது வயசிருக்கும். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை மூன்று அச்சுகளுக்கு நடுவிலும் வைத்து அளந்தார். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.

"ட்ரைமவுண்ட்" என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. மாமனாரிடம் பாஸ் மார்க் வாங்கின மாதிரி இருந்தது. அவருடைய அப்பா ஆல்கோவில் பாய்லர் வேலை பார்த்தவராம். "சக்கரங்களுக்கு நடுவே இவ்வளவு அகலமா இருக்கே?" என்று கேட்டார். எங்கள் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், உங்கள் பாதை 1,435 என்றேன். மாடலில் 42 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் 36-தான் இருக்க வேண்டும். பிறந்த ஊர்த் தண்டவாளத்தில் ஓட முடியாத பிள்ளை! வெளியூருக்கு வாழ்க்கைப்படவே பிறந்தது.

"இன்னும் ஓடுகிறதா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல மனசு வரவில்லை. எங்கள் ஊரில் அநேகமாக எல்லாப் பாதையும் மின்சாரமாகிவிட்டது, இவையெல்லாம் ஒவ்வொன்றாக ரிட்டயர் ஆகின்றன என்றேன். தலையாட்டினார். "இங்கே மூடிய பிறகு எத்தனை வருஷம் செய்தீர்கள்?" மனக்கணக்குப் போட்டேன். இந்த மாடலை மட்டும் 29 வருஷம். தொப்பியைக் கழற்றினார். எனக்கா, எஞ்சினுக்கா, தெரியவில்லை. நதியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

பி.காமில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. கட்டடத்துக்கு, மிஷினுக்கு, மேஜை நாற்காலிக்கெல்லாம் வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்து எழுத வேண்டும். ஆல்கோவின் கணக்குப் புத்தகத்தில் அதெல்லாம் எழுதி எழுதிப் பூஜ்யமாகி, இடமும் காசினோவாகிவிட்டது. அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுத்தது மட்டும் அந்தப் புத்தகத்தில் சொத்தாகவே ஏறியிருக்காது. மிஞ்சியது அது ஒன்றுதான். ஆல்கோ தர்மத்துக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை; வியாபாரம்தான். இருந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதானே?

உங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். பக்கத்து சீட்டுப் பையன் எட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டர் திரையைச் சாய்த்து மறைப்பவர். அந்த எக்ஸெல் ஷீட் அவரோடு ரிட்டயர் ஆகிவிடும் சார். நானும் அப்படி ஓர் ஆபீஸில் மறைத்துக்கொண்டிருந்தவன்தான். வேலையை விட்டு வந்து ஆறு வருஷமாகிறது. ஒரு போன்கூட வந்ததில்லை.

பிடிமண் பாக்கி இருந்தது. சுற்றிப் பார்த்தேன். சிமென்ட், தார், கத்தரித்த புல். இது எந்த ஊர் மண்ணோ! தவிர, சகலை முன்பே எச்சரித்திருந்தார். அனுமதி இல்லாமல் வெளிநாட்டு மண்ணை இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாதாம். செடிகொடிக்கு வியாதி வருமாம்.

பாத்ரூம் தேடிக் காசினோவுக்குள் நுழைந்தேன். வெளியே வரும்போது புத்தி சும்மா இருக்குமா? ஒரு மிஷினில் 20 டாலர் நோட்டைச் செருகினேன். மணி அடித்தது, விளக்கு எரிந்தது, பழங்கள் சுற்றின. எட்டு நிமிஷத்தில் பணம் முடிந்தது. பட்டனை அமுக்கியதும் மீதிக்கு ஒரு சீட்டு வந்தது. 35 சென்ட். மாற்ற வெட்கப்பட்டு, பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

ஈரோடு திரும்பியதும் எஞ்சினை மாமனார் கையில் கொடுத்தேன். ஸ்போக் கம்பி வளைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது. சட்டைப்பையைத் துழாவினேன். அந்தச் சீட்டு வந்தது.

"மண்ணு எடுக்க முடியலை மாமா. அந்த இடத்துல இருந்து வந்தது இது ஒண்ணுதான்" என்று அசடு வழிந்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மேலே கொட்டை எழுத்தில் காசினோ பெயர். அதற்குக் கீழே, பொடி எழுத்தில் ஊர்ப் பெயர். 38 வருஷம் தகட்டில் பார்த்த அதே எழுத்துகள்.

"சேனைக்கட்டி" என்றார்.

எஞ்சினின் நீள மூக்குப் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே 251 இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சீட்டை நாலாக மடித்து அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"எடை ஏறிடாதுங்களா மாமா?" என்றேன்.

"பரவாயில்லீங்க" என்றார்.